தண்ணி வந்துடுச்சு

மார்ச் 4, செவ்வாய்

பல் டாக்டரும் கிளம்புகிறார். காலையில் என் போர்டு கடைக்கு வந்து ஒன்று அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். ‘பல் டாக்டர் இடம் மாறிவிட்டார்’ என்று பெரிய எழுத்தில், கீழே புதிய முகவரி. ஏன் டாக்டர் என்று கேட்டேன். “பையனுக்கு அங்க நல்ல ஸ்கூல்மா” என்றார். போன வாரம் கண்ணாடிக் கடைக்காரர் “வண்டி நிறுத்த இடமில்ல” என்றார். அதற்கு முன் தையல்கார அம்மா “காத்தோட்டமா இருக்கும்” என்றாள். தண்ணீர் என்று மட்டும் யார் வாயிலும் வராது. வெட்கமோ என்னவோ.

தெருவில் மற்ற கடைக்காரர்கள் ஈ ஓட்டுகிறார்கள். எனக்கோ நிற்க நேரமில்லை. ஊர் காலியாகக் காலியாக போர்டு கடைக்குத்தான் கொண்டாட்டம். இதற்குச் சிரிப்பதா, அழுவதா?

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன்: “எல்லாம் ஓடுகாலிப் பசங்க. என்னை இந்த ஊர்ல இருந்து யாராலயும் அசைக்க முடியாது.” இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பஸ் டிப்போவை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார்கள். பாவம், இருட்டோடு எழுந்து அங்கே போய், பஸ்ஸை எடுத்து, கிளம்பிவந்த ஊருக்கே ஓட்டிக்கொண்டு வருகிறார். அவரிடம் போய் வீரம் பேசுகிறேன்.

மார்ச் 6, வியாழன்

தண்ணீர் வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி

மானம் போச்சு.

டாக்டரின் போர்டில் ‘இடம்’ என்பதற்குப் பதில் ‘தடம்’ என்று அடித்திருக்கிறேன். ‘பல் டாக்டர் தடம் மாறிவிட்டார். விவரங்களுக்குக் கீழே பார்க்கவும்.’ காலை முழுக்க அவர் வாசலில் தொங்கியிருக்கிறது! தெருவே நின்று படித்திருக்கிறது. என் புத்தி எங்கே போனது? வேறெங்கே, கடைக்குப் பின்னால் எங்கள் வீட்டில் இருக்கும் குழாயில்தான். அது உறுமினால் குடத்தோடு ஓட வேண்டும். ஒரு காது எப்போதும் அங்கேயே கிடந்தால் கை என்ன அடிக்கும்?

டாக்டர் போர்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “ஏம்மா, இந்த வயசுல தடம் மாற எனக்குத் தெம்பு ஏது?” என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. “உண்மையைச் சொல்லட்டுமா? போன வாரம் ஒருத்தருக்குப் பல்லு பிடுங்கினேன். வாய் நிறைய ரத்தம். கொப்பளிக்கத் தண்ணி இல்ல. அவர் என்னையே பார்க்கறார், நான் குழாயைப் பார்க்கறேன். அன்னிக்கே மனசு விட்டுப்போச்சு.”

ஸ்கூலும் இல்லை, ஒன்றும் இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

அக்கா வீட்டில் எழுதுகிறேன். ஊருக்கு வெளியே, டிப்போவைத் தாண்டிக் கொஞ்ச தூரம். இரண்டு வருடம் முன்பு அவள் இங்கே வந்தபோது நான் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

மதியம் எல்லோரும் கூடத்தில் படுத்திருந்தோம். அக்கா வீட்டுக்காரர் சமையலறையில் குழாயைத் திறந்திருக்கிறார், ஒரு டம்ளர் கழுவ. அவ்வளவுதான். நான் தூக்கத்திலிருந்து துள்ளி எழுந்து, “தண்ணி வந்துடுச்சு! தண்ணி வந்துடுச்சு!” என்று கத்திக்கொண்டு, கையில் கிடைத்த குப்பைக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். குப்பைக்கூடை! உள்ளே காகிதமும் பழத்தோலும்.

அக்கா வீட்டுக்காரர் டம்ளரும் கையுமாக அசையாமல் நின்றார். முதலில் அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அக்கா கூடையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, “இங்க எப்பவும் வரும்டி. போய்ப் படு” என்றாள்.

இவர் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கேலி செய்ய இதைவிட நல்ல வாய்ப்பு அவருக்குக் கிடைக்காது. ஆனால் குனிந்து, சிந்தியிருந்த பழத்தோலைப் பொறுக்கிக் கூடையில் போட்டார்.

மார்ச் 24, திங்கள்

வீடு திரும்பினோம். குழாய் உறுமியது. ஓடினேன். வெறும் காற்று.

ஏப்ரல் 2, புதன்

சொல்லிவிட்டேன். “போயிடலாங்க.”

இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். “நிஜமாவா?” என்றார். பிறகுதான் வெளியே வந்தது: டிப்போ பக்கத்தில் ஒரு வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறாராம். முன்புறம் கடை போட இடமும் இருக்கிறதாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “வாயில என்ன கொழுக்கட்டையா? முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“சொல்லியிருந்தா என்னையும் ஓடுகாலின்னிருப்பே.”

சொல்லியிருப்பேன்தான்.

அப்பாடா. எத்தனை நாள் பாரம்! பிடிவாதத்தைத் தூக்கிச் சுமந்தது போதும். இன்று குழாய்ப் பக்கம் காது போகவே இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

ஆனால் மாடி வீட்டு டீச்சர்?

ரிட்டயர் ஆகித் தனியாக இருப்பவர். முழங்கால் வலி. மாடிக் குழாயில் சொட்டு ஏறாது. தண்ணீர் வரும்போதெல்லாம் நான்தான் இரண்டு குடம் மேலே கொண்டுபோய் வைப்பேன். நான் போனால் யார் வைப்பார்கள்? இதை நினைத்து ஒரு வாரமாக அவர் முகத்தைப் பார்க்காமல் பதுங்கினேன். இன்று அவரே கூப்பிட்டுவிட்டார்.

“எப்ப கிளம்பறே? போர்டு அடிச்சாச்சா?”

“நீங்களும் எங்களோட வந்துடுங்க டீச்சர்” என்றேன்.

“போடி. உன் வீட்டுக்காரர் குறட்டை இங்க வரைக்கும் கேக்குது. ஒரே வீட்டுலன்னா நான் எங்க போவேன்?” என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். “இதைக் கேளு. போறவங்க எல்லாரும் அவங்கவங்க பங்குத் தண்ணியை விட்டுட்டுத்தானே போறாங்க? தெருவே கிளம்பியாச்சு. நீயும் போனா ஒருவேளை மாடிக்கு ஏறினாலும் ஏறும். என் குழாய்க்கு நடுவுல நிக்காதே.”

எனக்காகச் சொன்னார் என்று தெரியும். தெருவில் மிஞ்சியிருக்கும் எதிர்வீட்டுத் தம்பதியிடம் டீச்சரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். தலையாட்டினார்கள். நம்பத்தான் வேண்டும்.

மே 3, சனி

சாமான் ஏற்றியாயிற்று. கடைசியாக என் கடைக்கே போர்டு அடித்தேன். ஒவ்வொரு எழுத்தையும் விரல் வைத்துப் படித்தேன். இவர் எட்டிப் பார்த்து, “பரவாயில்ல, இடம்தான் மாறியிருக்கோம்” என்றார்.

மே 18, ஞாயிறு

இங்கே வந்து அடித்த முதல் போர்டு ‘திறந்துவிட்டோம்’. எத்தனை வருடமாயிற்று இந்த வார்த்தையை அடித்து! சலூன்காரருக்கு. எழுத்துப்பிழை இல்லை. இவர் விடிந்த பிறகு எழுந்திருக்கிறார், நடந்தே டிப்போவுக்குப் போகிறார். முகத்தில் சதை போட்டிருக்கிறது.

குடங்களைத் துடைத்துப் பரணில் வைத்தேன். ஒன்றை மட்டும் கீழே வைத்திருக்கிறேன். சிரிக்கட்டும்.

ஜூன் 5, வியாழன்

சாயங்காலம் டீச்சர் போன் செய்தார். எடுத்ததுமே, “ஏறிடுச்சுடி” என்றார்.

“எது டீச்சர்?”

“மாடிக் குழாய். இப்ப, இந்த நிமிஷம்.”

“என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்றீங்க.”

“இரு” என்றார். போனைக் கொண்டுபோய்க் குழாய் அருகே பிடித்திருக்கிறார். முதலில் உறுமல். பிறகு பக்கெட்டில் விழுகிற சத்தம், சொட்டு இல்லை, நிஜமான தண்ணீர். நான் எழுந்து ஓடியிருக்கிறேன். பின்கட்டில் குடமும் கையுமாக நின்றபோதுதான் எங்கே இருக்கிறேன் என்று நினைவு வந்தது.

“எங்க ஓடறே?” என்று இவர் கூடத்திலிருந்து கேட்டார்.

“டீச்சருக்குத் தண்ணி வந்துடுச்சுங்க!” என்று கத்தினேன்.