ஜன்னல்காரியின் நீலப் பொத்தான்

இன்று காலை நெருள் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது என் துணிப்பையின் பொத்தான் அறுந்து விழுந்தது. நீ தைத்துக் கொடுத்த நீலப் பொத்தான். உருண்டுபோய்க் காய்க்காரியின் கூடைக்கு அடியில் புகுந்துகொண்டது. முட்டி வலியோடு குந்தி உட்கார்ந்து தேடினேன். "க்யா கிரா ஆன்ட்டி, சோனா?" என்றாள், விழுந்தது தங்கமா என்று. "சோனாவும் இல்லை மண்ணும் இல்லை, தள்ளு" என்று தமிழிலேயே எரிந்து விழுந்தேன். உனக்குத்தான் தெரியுமே, பதறினால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். பொத்தான் கிடைத்தது. கத்தரிக்காயை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

தாராவியில் உன் மாடி அறையில் நாம் எத்தனை வருடம் சட்டைக்குப் பொத்தான் தைத்தோம்! மத்தியானம் மூன்று மணி ஆனால் கீழே சந்தில் பையன்கள் கிரிக்கெட் தொடங்கிவிடுவார்கள். உன் கை ஊசியில் இருக்கும், கண் ஜன்னலில் இருக்கும். பந்து உள்ளே வந்து விழுந்தால் மாவுப் பானை, தண்ணீர்க் குடம் என்று எதையும் பார்க்காது. மற்ற வீட்டில் திட்டுவார்கள். நீ மட்டும் பந்தைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் எறிவாய், அதுவும் நேராக ஸ்டம்புக்கு. "பள்ளிக்கூடத்துல எறிபந்து ஆடுனவட்டி நானு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கீழ எறங்கி மட்டையப் புடிக்கணும்" என்பாய். "புடிச்சா ஒம் மாமியா ஒன்னையப் புடிப்பா" என்பேன் நான். இருவரும் சிரிப்போம். நீ ஒரு நாளும் இறங்கவில்லை.

அப்புறம்தான் அந்த அட்டை வந்தது. செருப்புப் பெட்டியைப் பிரித்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தை ஒட்டி, நம் சந்தை அப்படியே வரைந்திருந்தாய். தண்ணீர்க் குழாய், கறிக்கடைத் தகரம், சாக்கடை, மின்சாரப் பெட்டி. ஒரு பக்கம் வெள்ளைப் பொத்தான், ஒரு பக்கம் கறுப்புப் பொத்தான். பகடையை உருட்டினால் பந்து போகும். மின்சாரப் பெட்டியில் பட்டால் நாலு. சாக்கடையில் விழுந்தால் அவுட், அடித்தவனே போய் எடுத்து வர வேண்டும், அதற்கு ஓர் ஆட்டம் போகும். மாடி ஜன்னலில் மட்டும் தனியாக ஒரு நீலப் பொத்தான்.

"இது யாருட்டி?"

"ஜன்னல்காரி."

பந்து அவள் வீட்டில் விழுந்தால் அவளுக்காகப் பகடை உருட்ட வேண்டும். மூன்று வரை வந்தால் பந்தைத் திருப்பி எறிவாள். நாலும் ஐந்தும் வந்தால், "இருங்கலே, சோறு வடிச்சிட்டு வாரேன்" என்று எல்லோரையும் காக்க வைப்பாள். ஆறு விழுந்தால் ஏணியில் இறங்கி வந்து மட்டையைப் பிடிப்பாள். அவள் அடிக்கும் ரன் எந்தக் கட்சிக்கும் கிடையாது, அவளுக்கே. முதல் நாள் ஆறு விழுந்தபோது நீ போட்ட சத்தத்தில் உன் மாமியாரே ஏணியில் பாதி ஏறி வந்து என்னவென்று பார்த்தார்.

இதைக் கடைக்குக் கொண்டுபோவோம் என்று குதித்தவள் நான்தான். தாதரில் பொம்மை மொத்தக் கடைக்கு இருவரும் போனோம். உனக்குக் காய் வாங்குகிற அளவுதான் இந்தி. பேச்செல்லாம் நான். கடைக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீலப் பொத்தானைத் தூக்கிக் காட்டி, கிரிக்கெட்டில் பொம்பளைக்கு என்ன வேலை, இதை எடுத்துவிடு, சரக்கு வைக்கிறேன் என்று படபடவென்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். நான் உன் முகத்தைப் பார்க்கவே இல்லை. "டீக் ஹை" என்று ஒத்துக்கொண்டேன்.

தாராவிக்குப் பக்கத்து சயான் ஸ்டேஷனுக்குத் திரும்பும் ரயிலில் நீ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்: "என்னட்டி சொன்னாரு?"

"ரொம்பப் புடிச்சிருக்காம். வைக்கேன்னுட்டாரு."

"ஜன்னல்காரியப் பத்தி?"

"சிரிச்சாரு."

சிரிக்கத்தான் செய்தார், அதில் பொய் இல்லை. உண்மையைச் சொன்னால் நீ "அப்ப வேண்டாம்" என்று விடுவாய் என எனக்குப் பயம். எனக்கோ தாதர் கடைவீதியில் நடந்து, "அந்தா தொங்குது பாரு, அது எங்க விளையாட்டு" என்று நாலு பேரிடம் பீற்றிக்கொள்ள வேண்டும். பாவி, அந்த ஆசை என் கண்ணை மறைத்தது.

அடுத்த சந்துப் பட்டறையில் விளையாட்டுப் பெட்டி அச்சாகி வந்தது. அட்டையில் உன் ஜன்னல் இருந்த இடத்தில் கடைக்காரரின் விளம்பரம். நீ பெட்டியைத் திறந்து வெள்ளையையும் கறுப்பையும் பாயில் கொட்டி, விரலால் விலக்கி விலக்கித் தேடினாய்.

"நீலம் எங்கட்டி?"

"பெட்டியில எடம் இல்லயாம்."

நீ பொத்தான்களைத் திரும்ப அள்ளிப் பெட்டியில் போட்டாய். "சரி. எடம் இல்லாட்டி என்ன செய்ய" என்றாய். பிறகு என் பையைப் பார்த்து, "பொத்தான் போயிட்டு பாரு, குடு" என்று வாங்கி, உன் பழைய அட்டையில் இருந்த அந்த நீலப் பொத்தானை அதில் தைத்துக் கொடுத்தாய். திட்டியிருக்கலாமே ட்டி. அந்தப் பெட்டியை என் தலையில் கவிழ்த்திருக்கலாமே.

தீபாவளி முடிந்து பாதிக்கு மேல் பெட்டிகள் விற்காமல் திரும்பி வந்துவிட்டன. "மற்ற கிரிக்கெட் டப்பா மாதிரியேதான் இருக்கு, புதுசா ஒன்றும் இல்லையே" என்றார் அந்த மனுஷன். அவரைச் சொல்லி என்ன? புதிதாக இருந்த ஒன்றைத் தூக்கிப் போடச் சம்மதித்தவள் நான். அதற்குப் பிறகும் நீ எனக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்பினாய், என் மகன் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்தாய். அந்த விளையாட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை. நானும் தாராவியை விட்டு நெருளுக்கு வந்துவிட்டேன். ஒரு நாள் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று தள்ளித் தள்ளிப் போட்டேன்.

போன மழைக்கு நீ போய்விட்டாய். பதினாறாம் நாள் உன் மகள் பரணிலிருந்து அந்தப் பழைய அட்டையை எடுத்துக் காட்டினாள். "அம்மா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ஒத்தையில இருந்து ஆடுவா சித்தி" என்றாள். பகடை தேய்ந்து புள்ளி அழிந்திருந்தது. ஜன்னலில், பொத்தானுக்குப் பதிலாக ஒரு புளியங்கொட்டையை வைத்திருந்தாய். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உனக்காக அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

இன்று மார்க்கெட்டிலிருந்து வந்ததும் கட்டிலுக்கடியில் கிடந்த விற்காத பெட்டி ஒன்றை இழுத்துத் திறந்தேன். பொத்தான்களைப் போட்டு ஆட்டிப் பார்த்தேன், கலகலவென்று ஓடின. உன் நீலத்தையும் போட்டு மூடினேன். சிரமமே இல்லாமல் மூடிக்கொண்டது.

பொத்தானைத் திரும்ப எடுத்து, இரட்டை நூல் கோத்துப் பையில் தைத்துவிட்டேன். இந்தப் பை கிழிந்தால் அடுத்த பையில் தைப்பேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன், கேளு. பெட்டியில எடம் இருந்துச்சுட்டி.