பாட்டில் வரும் மாமன்

தம்பிக்கு,

சின்னவளுக்கு நான் பாடிய தாலாட்டை செல்போனில் எடுத்து இணையத்தில் போட்டிருந்தேன். ஒரு பாட்டுக் கம்பெனிக்காரர் போனில் கூப்பிட்டு, "அது எங்க பாட்டும்மா. இணையத்துல இருந்து எடுக்கலைன்னா கேஸ் போடுவோம்" என்றார்.

நம் கம்பம் ஊரில் பிள்ளை பெற்றவளெல்லாம் பாடுகிற பாட்டு அது. மாமன் வருகிற இடத்தில் அவளவள் கூடப்பிறந்தவன் பெயரைச் சேர்த்துக்கொள்வாள்.

"பாட்டுல திராட்சைக் கூடையோட வர்ற விஜய்பாண்டி மாமன் உங்க கம்பெனியில என்ன வேலை பாக்குறான்?" என்றேன். போனை வைத்துவிட்டார்.

கேஸ் வரட்டும். பாட்டை எடுக்க மாட்டேன்.

மூத்தவள் காதுகுத்துக்கு நீ வரவில்லை. வேறு மடியில் உட்கார்ந்து அழுதவளுக்கும் உன் பெயரை மாற்றாமல்தான் பாடினேன்.

வைகாசியில் சின்னவளுக்குக் காது குத்துகிறோம். இந்தமுறை வேறு யாரிடமும் மடி கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
இன்னமும் உன் அக்கா