லயத்து வாசலில் நிற்கும் வண்டி

செவ்வாய்க்கிழமை, இரவு

மகனுடைய திரீவீல் ஆட்டோவுக்குத் தோட்டத்தில் தண்டம் எழுதி ஒட்டியிருந்தார்கள். நாங்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் நிறுத்துவதால் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி திரும்ப முடியவில்லையாம். இனிமேல் இரவில் கீழே பெக்டரியடியில்தான் நிறுத்த வேண்டுமாம். மருமகளுக்கு இது நிறைமாதம். இரவில் வலி எடுத்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தூக்கமே இல்லை.

நானே மறுப்புக் கடிதம் எழுதினேன். மாலை வகுப்பில் எழுத்துக் கற்ற பிறகு நான் எழுதிய முதல் கடிதம். இன்று காலை ஆபிசில் கொடுத்தேன். பெரிய கிளாக்கர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாரு தாத்தா எழுதிக் குடுத்தது?"

"நான்தாங்க."

"இவ்வளவு எழுதத் தெரிஞ்சவரு கீழ எதுக்குக் கைநாட்டு வச்சீங்க?"

அப்போதுதான் நானும் பார்த்தேன்.

"அம்பது வருசமா சம்பளத்துக்கு வச்ச கைங்க. அதுவாப் போயிருச்சு."

ஆபிசே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. பேனாவை வாங்கி, அவர் பார்க்கவே என் பெயரை மெதுவாக எழுதினேன். அவர் பொறுமையாக இருந்தார்.

"தண்டத்தை எடுக்க முடியாது தாத்தா, தோட்டத்துத் தொர எழுதினது. புள்ள பொறக்கிற வரைக்கும் வண்டி அங்கயே நிக்கட்டும். லொறிக்கு மட்டும் வழி விட்டு ஓரமா போடச் சொல்லுங்க."

மகன் வண்டியை மழைத்தண்ணீர் ஓடும் கானோடு ஒட்டி நிறுத்தியிருக்கிறான். மழை பெய்கிறது. மருமகள் இன்றைக்கு நேரத்தோடு தூங்கிவிட்டாள்.