உன் அம்மாவின் முத்திரை

அன்பு மகள் சோரினுக்கு அப்பா எழுதுவது. நான் நலம், உன் அம்மாவும் இப்போது நலம், நீயும் மாப்பிள்ளையும் ஹாம்பர்க் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது நலம் என்று எழுதினேனே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பிப்ரவரியில் உன் அம்மாவுக்குக் கழுத்தில் இருந்த கட்டியை அறுத்து எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை, பயப்படாதே. உன்னிடம் மறைத்தது அவள் முடிவு, இன்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க, ஆனா ஆஸ்பத்திரியில அழுததை எழுதாதீங்க" என்றாள். அதனால் அதை எழுதவில்லை.

சந்தையிலும் யாருக்கும் தெரியக்கூடாது என்று கழுத்தில் துணி சுற்றிக்கொண்டுதான் கடைக்கு வந்தாள். ஏப்ரலில் ஒரு நாள் நெத்திலி அள்ளிக்கொண்டிருந்தேன், போன் வந்தது, கை ஈரமாக இருந்ததால் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டேன். ஏதோ இன்சூரன்ஸ் கம்பெனிப் பெண், "கழுத்துக் கட்டி ஆபரேஷன் ஆனவங்களுக்குன்னே ஒரு திட்டம் இருக்கு சார், அம்மா இருக்காங்களா?" என்று சந்தைக்கே கேட்கும்படி சொன்னாள். பக்கத்துக் கணவாய்க் கடை கூ அம்மா கத்தியை அப்படியே நிறுத்திவிட்டாள். சாயங்காலத்துக்குள் ஏழு வீட்டுச் சிப்பிக் கஞ்சி வந்துவிட்டது. "நான் இன்னும் சாகலையே, எதுக்கு இத்தனை கஞ்சி?" என்ற உன் அம்மா மறுநாள் கடைக்கு வரவில்லை. பதினொரு நாள் வரவில்லை. முப்பது வருஷத்தில் நான் தனியாகக் கடை திறந்தது அப்போதுதான்.

கம்பெனிக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தால் தப்பு என் கையில். ஆஸ்பத்திரிச் செலவுக்குச் சேமிப்புச் சங்கத்துக் காப்பீட்டில் விண்ணப்பித்தோம். சங்கத்திலிருந்து கடை கடையாக வசூலுக்கு வரும் ஊழியர் பியோன் அம்மாவிடம், பதினாறு வருஷப் பழக்கம் என்று, கையெழுத்துக்குப் பதில் குத்தும் எங்கள் இருவர் முத்திரையும் இருந்த பையை நீட்டி, "எங்கெங்க வேணுமோ குத்திக்கோங்க" என்று சொல்லியிருந்தேன். விவரத்தை வேறு கம்பெனிகளுக்குக் கொடுக்கலாம் என்ற கட்டத்திலும் குத்திவிட்டாள். விருப்பமிருந்தால் மட்டும் என்று அதிலேயே அச்சடித்திருந்தது. என் தராசைத் தொட ஒருத்தரை விடமாட்டேன், உன் அம்மாவின் உடம்பு விவரத்தை அவளைக் கேட்காமல் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

போன மாதம் காரணம் சொல்லாமல் உன்னிடம் அந்தப் படிவத்தைப் பற்றிக் கேட்டேனே, சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு வரிவரியாகச் சொன்னாய். அந்தக் கட்டத்துக்குச் சம்மதிக்காவிட்டாலும் காப்பீட்டுப் பணத்தை மறுக்க முடியாது, கொடுத்த சம்மதத்தை எப்போதும் திரும்பப் பெறலாம், யார் யாருக்குப் போனது என்று எழுத்தில் கேட்கலாம் என்றாய். "யாரோட விவரமோ அவங்கதான் கேட்கணும்ப்பா, நீங்க போய் சத்தம் போட்டுப் பிரயோஜனமில்ல" என்றாயே, அதற்குத்தான் பெரிய நன்றி. சத்தம் போடத்தான் கிளம்பியிருந்தேன். அதற்குப் பதில் வீட்டுக்குப் போய் உன் அம்மாவிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் காலை கழுத்துத் துணி இல்லாமல் சங்க அலுவலகத்துக்குக் கிளம்பினாள், நானும் கூடப் போனேன்.

சங்க மேலாளர், "முத்திரை உங்களோடதுதானேம்மா?" என்றார். "முத்திரை என்னோடது, குத்தின கை என்னோடதில்ல, எப்படியிருந்தாலும் அந்தச் சம்மதத்தை இன்னிக்குத் திரும்ப வாங்கிக்கிறேன்" என்றாள். பியோன் அம்மா தானே எழுந்து, "படிச்சுக் காட்டாம நான்தான் குத்தினேன் சார்" என்றாள். வேலை போகலாம் என்று தெரிந்தும் சொன்னாள், நல்லவேளை போகவில்லை, அவளுக்கும் நான் கடன்பட்டவன். இரண்டு கம்பெனிப் பெயரும் தேதியும் தந்தார்கள், பத்து நாளில் விவரத்தை அழித்துவிட்டோம் என்று இரண்டு இடத்திலிருந்தும் கடிதம் வந்தது. "கூ அம்மா வாயைத் திரும்பப் பெற படிவம் உண்டா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே உன் அம்மா கடையில் வந்து உட்கார்ந்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. இப்போது முத்திரை அவள் மடியில். பியோன் அம்மா ஒவ்வொரு வரியும் படித்துக் காட்டியாக வேண்டும், பின்னால் வாடிக்கையாளர் முனகினால் முனகட்டும்.

நெத்திலியும் கடற்பாசியும் அனுப்பியிருக்கிறேன், சாறு காய்ச்சும்போது தலையைக் கிள்ளிவிடு, கசக்கும். உன் அத்தை உன் புது விலாசமும் போன் நம்பரும் கேட்கிறாள். முன்பென்றால் அப்போதே கொடுத்திருப்பேன். இன்னும் கொடுக்கவில்லை, கொடுக்கலாமா என்று நீ சொல். இருவரும் நோய்நொடி இல்லாமல் மனம் நிறைந்து வாழுங்கள்.

முத்திரை குத்தாமல் கையாலேயே எழுதும்,
உன் அப்பா ஓக் மான்சிக்
தோங்யோங்