ஆறு பஸ்ஸுக்கும் ஒரே ஆயில்

ஜூலை 8, செவ்வாய்

விடாத மும்பை மழை. சயான் ஸ்டேஷன் வரை நடந்ததில் செருப்பு வார் அறுந்தது. குர்லாவில் வண்டி மாறி செம்பூர் லேபுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதி நனைந்த துணி, முழு எரிச்சல்.

இன்று ஸ்கூல் பஸ் கம்பெனி சாம்பிள். ஆறு பஸ், ஆறு பாட்டில் எஞ்சின் ஆயில். எல்லாம் அண்ணன் மெக்கானிக்காக இருக்கும் குர்லா ஷெட்டிலிருந்து. "அழுக்கு ஆயில்ல என்னத்தட்டி தேடுத?" என்று மதினி கேட்பாள். எஞ்சினுக்குள் தேய்வதெல்லாம் தூளாக ஆயிலில் மிதக்கும், என்ன தூள் என்று பார்த்தால் எந்தப் பாகம் போகிறது என்று பிரிக்காமலே சொல்லலாம் என்பேன். கொட்டாவி விடுவாள்.

ஆறிலும் ஒரே அளவு இரும்பு, ஒரே அளவு செம்பு, ஒரே அளவு புழுதி. மெஷினைத் துடைத்து மறுபடி ஓட்டினேன். அதேதான். ஒரு பஸ் அரதப் பழசு, ஒன்று போன வருஷம் வாங்கியது. இரண்டும் எப்படி ஒன்றாகத் தேயும்? ஒரே வண்டியிலிருந்து எடுத்து எல்லாப் பாட்டிலையும் நிரப்பியிருக்கிறார்கள்.

நிரப்புகிறவன் அண்ணன்.

ஜூலை 9, புதன்

மழை. விஸ்வநாதன் சாரிடம் சொன்னேன். லேப் அவருடையது. நிரப்புவது யார் என்று மட்டும் சொல்லவில்லை. காபி டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"அவா என்ன குடுக்கறாளோ அதைத்தாம்மா நாம டெஸ்ட் பண்றோம். ரிசல்ட் நார்மல்தானே? சைன் பண்ணி அனுப்பு."

"ஸ்கூல் பஸ் சார்."

"பெரிய பார்ட்டி. எதையாவது கிளப்பி விடாதே."

கையெழுத்துப் போடவில்லை. தலைவலி என்று அரை நாள் லீவு. தலை நன்றாகவே இருந்தது.

வாங்க: செருப்பு, உளுந்து, கொசுவத்தி.

ஜூலை 11, வெள்ளி

சாயங்காலம் அண்ணன் வீடு. எங்கள் சந்திலேயே நாலு வாசல் தள்ளி. மதினி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஆறுலயும் ஒரே ஆயிலை ஊத்துனியாண்ணே?"

மறைக்கவில்லை. "பின்ன? எஞ்சின் சூட்டோட உறிஞ்சி எடுக்கணும். வண்டி எங்க நிக்கி? ஸ்கூல் விட்டு வந்ததும் வேற டிரிப்புக்குக் கிளப்பிருதானுவ. உறிஞ்சுத பம்பு உடைஞ்சி கெடக்கு. மேனேஜர்ட்ட கேட்டா, 'ஜாஸ்தி மத் போல், பாட்டில் பர் தே'ங்கான், பேசாம பாட்டில நெரப்பணுமாம். நின்ன வண்டியில எடுத்து நிரப்பிட்டேன்."

"பிள்ளைய போற வண்டிண்ணே."

"எனக்குத் தெரியாதாட்டி? நாலாம் நம்பர் வண்டிய நெனச்சா எனக்கே பயந்தான். ரேடியேட்டர்ல தெனமும் தண்ணி ஊத்துதேன். வெளிய ஒரு சொட்டு ஒழுகல. எங்க போவுதுன்னே தெரியல."

"அப்ப ஒழுங்கா எடுத்துத் தா. லேப் பம்பு கொண்டாரேன். உனக்கு ஒண்ணும் வராது."

மதினி நிமிர்ந்து பார்த்தாள். "வராதுல்லா?"

வராது என்றேன்.

ஜூலை 14, திங்கள்

மழை விட்டது. புழுக்கம். அண்ணன் அனுப்பிய ஆறு பாட்டில், இந்த முறை நிஜம். ஐந்து பரவாயில்லை. நாலாம் நம்பர் மூடியைத் திறந்ததுமே பால் கலந்த டீ நிறம். சூடான தகட்டில் ஒரு சொட்டு விட்டேன். படபடவென்று பொரிந்தது. தண்ணீர். மெஷினில் ஈயமும் செம்பும் தாறுமாறாக ஏறிக் கிடந்தன. ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கி பேரிங்கைத் தின்கிறது. எஞ்சின் எந்த நிமிஷமும் இறுகி நின்றுவிடும். மேம்பாலத்தில், உள்ளே பிள்ளைகள், பின்னால் லாரி.

ரிப்போர்ட்: வண்டியை உடனே நிறுத்தவும். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். ஒரு பிரதி சார் மேஜையில், ஒன்று என் பையில்.

வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஜூலை 16, புதன்

பஸ் முதலாளி போன். போன மாதம் வரை நார்மல், இப்போது மட்டும் எப்படி என்று சத்தம். சார் ஸ்பீக்கரில் போட்டார். எங்கள் லேபில் தப்பில்லை, உங்கள் மெக்கானிக்தான் ஒரே ஆயிலை எல்லாப் பாட்டிலிலும் ஊற்றி ஏமாற்றியிருக்கிறான் என்று இந்தியில் விளக்கினார். நான் சொன்னது. அன்றைக்கு அவர் வேண்டாம் என்றது.

வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீ கண்டுபிடிச்சது எப்படி உதவித்து பாத்தியா?"

அவர் என் அண்ணன் சார். அதைச் சொல்லாமல் மெஷினைத் துடைக்கப் போனேன்.

ஜூலை 18, வெள்ளி

அண்ணனுக்கு வேலை போய்விட்டது. பிள்ளைகள் உயிரோடு விளையாடுகிறவன் என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்தினானாம்.

நாலாம் நம்பர் வண்டியை நிறுத்தவில்லை. ஓட்டையடைக்க ரேடியேட்டரில் ஏதோ பசையை ஊற்றி, ஆயிலை மாற்றி, ரோட்டுக்கு விட்டுவிட்டார்கள். மாற்றின மறுநாளே சாம்பிள். புது ஆயிலில் என்ன தெரியும்? நார்மல். சாரே கையெழுத்துப் போட்டார். என்னைக் கேட்கவில்லை.

என்னைக் கண்டால் மதினி வாசலைச் சாத்திக்கொள்கிறாள்.

ஜூலை 22, செவ்வாய்

லீவு. ஸ்கூல் ஆபீஸ் போனேன். பஸ் கான்ட்ராக்ட்காரர் பொறுப்பு, மெயில் போடுங்கள் என்றார்கள். போட்டேன். வெளியே வந்து, மத்தியான ஷிப்ட் பஸ் வரும் செம்பூர் ஸ்டாப்பில் நின்றேன். நாலாம் நம்பருக்கு ஒரு தமிழ் அம்மா, கையில் பெண் குழந்தை. ரிப்போர்ட்டைக் காட்டிச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டாள்.

"அதான் அந்த மெக்கானிக்கை அனுப்பிட்டாங்களே. பேரன்ட்ஸ் குரூப்ல போட்டிருந்தாங்க. எல்லாம் சரி பண்ணியாச்சாம்."

"அவர் மேல தப்பில்லைங்க. அவர் எங்க அண்ணன்தான்."

ஏன் சொன்னேன்? அவள் முகம் மாறிவிட்டது. "ஓ. அப்படியா." பஸ் வந்தது. குழந்தையைத் தூக்கி ஏற்றிவிட்டாள். டாட்டா காட்டினாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மறுபடி மழை. காலையில் குர்லா பக்கம் நாலாம் நம்பர் எஞ்சின் இறுகி நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்த டெம்போ இடித்ததில் ஒரு பையனுக்குக் கை முறிவு. மற்றப் பிள்ளைகள் மழையில் அழுதுகொண்டு.

அண்ணனிடம் நான்தான் சொன்னேன். "எந்தப் பையன்?" என்றான். திரும்பத் திரும்ப அதையே கேட்டான்.

ஆகஸ்ட் 2, சனி

பழைய மெக்கானிக் செய்த கோளாறு என்று கம்பெனி புகார் கொடுத்திருக்கிறது. நாளைக் காலை அண்ணனை போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நானும் போகிறேன். சாருக்கு எப்படியோ தெரிந்து போன்: "போனேன்னா லேப் பக்கம் திரும்பி வராதே." சரி சார் என்றேன். வேறென்ன சொல்ல.

மதினியும் வருகிறாள். வழியில் என்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டாளாம். அதை இப்போதே வந்து சொல்லிவிட்டுப் போனாள்.