நம்பர் இல்லாத கார்

ஆடி வெள்ளி, இரவு.

என் மூத்த பேத்தி தெமோதரையில் டீச்சர். சின்னப் பேரன் வகுப்பில் முதலாவது. நடுப்பேரன் சந்திரன் பதுளை கராஜில் கார் கழுவிப் பாலிஷ் போடுகிறான். அதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

இன்று அவன் ஒரு காரோடு நிற்கும் போட்டோ தபாலில் வந்தது. பீலியில் தண்ணீர் பிடிக்க நின்றவர்களிடம், "என் பேரன் வாங்குன காரு" என்று காட்டினேன்.

"என்னக்கா, நம்பரே இல்ல? களவாண்ட காரா?" என்றாள் பக்கத்து லயத்து வரிசை வீட்டு முத்தம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

நம்பர் தகட்டுக்குப் பின்னால் சேறு அடைந்திருக்கும், கழற்றினால்தான் சுத்தமாகும் என்று போட்டோவோடு வந்த கடிதத்தில் அவன் எழுதியிருந்தான். சொன்னால் அவன் வேலை தெரிந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். கழுவுகிறவன் என்பதைவிடக் கள்ளன் என்பது மேலாகப் போய்விட்டதா எனக்கு?

சந்திரா, ராசா, நம்பரை மாட்டிவிட்டு, கையில் பாலிஷ் துணியோடு நின்று இன்னொரு போட்டோ எடுத்து அனுப்பு. அதையும் பீலிக்குக் கொண்டுபோகிறேன்.