நவீன வசதிகள் நிறைந்த ஆய்வகம்

பேத்தியைக் கல்லூரியில் சேர்க்கத் தருமபுரி போனபோது, நாம் வேலை பார்த்த கலை அறிவியல் கல்லூரியின் அறிமுகக் கையேட்டைக் கையில் கொடுத்தார்கள். வழுவழுப்பான தாள், அச்சு மையின் நெடி. இரண்டாம் பக்கத்தில் 'நவீன வசதிகள் நிறைந்த வேதியியல் ஆய்வகம்' என்றிருந்தது. எண்பதுகளில் நான் எழுதிய அதே வரி.

அப்போது நான் தமிழ் விரிவுரையாளன். நீங்கள் ஆய்வக உதவியாளர். புதிய பாடப்பிரிவுக்கு அனுமதி தரப் பல்கலைக்கழகக் குழு வருகிறது என்றதும், கல்லூரி அறிமுகத்தை என்னை எழுதச் சொன்னார் தாளாளர். இல்லாத நூலகத்துக்கு ஒரு பத்தி, இல்லாத ஆய்வகத்துக்கு இரண்டு பத்தி. எல்லோரும் மெச்சினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. உங்களிடம் காலி பாட்டில்களைக் கொடுத்து, சாயத் தண்ணீர் நிரப்பி லேபிள் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினீர்கள்.

குழுத் தலைவர் ஆரஞ்சு நிறப் பாட்டில் ஒன்றைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். முதல்வர் வாய் திறக்குமுன் நீங்கள் மூடியை எடுத்துப் பாதியைக் குடித்துவிட்டீர்கள்.

"கேசரிப் பவுடருங்க சார். இங்க இருக்கறது எல்லாமே இப்பிடித்தானுங்க. பசங்க ஏமாந்து போயிருவாங்க."

தலைவர் சிரித்தார். உங்கள் முதுகில் தட்டினார். பிறகு எல்லோரும் தாளாளர் வீட்டுப் பிரியாணிக்குப் போனார்கள். நானும் போனேன். எலும்பைக் கடித்துக்கொண்டே உங்கள் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அனுமதி கிடைத்தது.

மறுநாள், உங்களுக்கு மனநிலை சரியில்லை என்று சக ஊழியர்கள் தரும் கடிதத்தையும் என்னிடமே கேட்டார்கள். எனக்குக் குடும்பம் இருந்தது என்று இத்தனை காலம் எனக்குள் சொல்லி வந்திருக்கிறேன். உங்களுக்கும்தான் இருந்தது. எழுதினேன், முதல் கையெழுத்தையும் போட்டேன். அதைக் காட்டி உங்களை நீக்கினார்கள். நீங்கள் பையோடு வாசலைத் தாண்டியதை வகுப்புச் சன்னல் வழியாகப் பார்த்தேன். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீங்கள் இறந்த செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. போன ஆண்டு ஏரியூருக்கு உங்கள் வீட்டைத் தேடிப் போனேன். கடைசிவரை கூலிக்குக் காட்டு வேலைதான் பார்த்தீர்களாம், உங்கள் மனைவி சொன்னார். கல்லூரியில் கூட இருந்தவன் என்றேன். என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"தமிழ் சாருங்களா? நல்லா எழுதுவாருன்னு சொல்லுவாருங்க."

அதற்கு மேல் எதையும் நீங்கள் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. நானாவது சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்தத் தலையாட்டலைத்தான் இன்னும் சுமந்து திரிகிறேன்.